ஆஸ்பத்திரிக் கழிவுநீருக்கு எந்த வழி? செட்டிநாட்டுச் சிறு மருத்துவமனைகளுக்கு ஓர் ஒப்பீடு

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் சிறிய ஆஸ்பத்திரி நடத்துகிறவர்கள் கழிவுநீரைப் பற்றிக் கேட்பது பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறது: "முப்பது பெட். செப்டிக் டேங்க் இருக்கு. ப்ளீச்சிங் பவுடர் போட்டா போதுமா, இல்ல பிளான்ட் வைக்கணுமா? வைக்கணும்னா எதை வைக்கிறது?" கொட்டேஷன் கொடுக்க வருகிறவர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். ஒருவர் யூவி (புற ஊதா) விளக்கு என்கிறார், இன்னொருவர் ஓசோன், மூன்றாமவர் மெம்பிரேன் எனும் நுண்துளை வடிகட்டி. எல்லோரும் சொல்லும் ஒரே கணக்கு, "99 சதவீதம் கிருமி ஒழியும்." அந்தக் கணக்கை மட்டும் வைத்து முடிவெடுத்தால் தப்பாகப் போகும். ஏன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அப்புறம் ஒவ்வொரு வழியையும் எடை போடலாம்.

## கிருமி செத்தாலும் மரபணு சாவதில்லை

சிறுநீர்த் தொற்றோடு வந்த ஒரு நோயாளியின் மாதிரியில் க்ளெப்சியெல்லா வளர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். லேபில் அதைத் தட்டில் பரப்பி, மேலே மருந்து வில்லைகளை வைப்பார்கள். மருந்து வேலை செய்தால் வில்லையைச் சுற்றிக் கிருமி வளராத ஒரு வெற்று வட்டம் தெரியும். மெரோபெனம் வில்லையின் விளிம்பு வரை கிருமி மொழுமொழுவென்று படர்ந்து கிடந்தால், அந்தத் தட்டைப் பார்க்கிறவருக்கு வயிறு கலங்கும். கடைசிக் கட்டத்துக்கென்று ஒதுக்கி வைத்திருக்கும் மருந்தை உடைத்துப்போடும் நொதியை அந்தக் கிருமி தயாரிக்கிறது. நம் நாட்டில் அதற்குக் காரணம் பெரும்பாலும் என்டிஎம் அல்லது ஆக்ஸா-48 குடும்பத்து மரபணு.

இந்த மரபணுக்கள் பெரும்பாலும் பிளாஸ்மிட் எனும் சிறு டிஎன்ஏ வளையத்தில் உட்கார்ந்திருக்கின்றன. பக்கத்தில் இருக்கும் வேறொரு கிருமிக்கு, அது வேறு இனமாகவே இருந்தாலும், வளையத்தின் நகலைக் கொடுத்துவிட முடியும். அசினெட்டோபாக்டர் போன்ற சில, செத்த கிருமியிலிருந்து சிதறிய டிஎன்ஏவையும் உறிஞ்சிக்கொள்ளும். ஆகவே கழிவுநீரில் கிருமியைக் கொன்றுவிட்டோம் என்பதால் மரபணுவும் ஒழிந்தது என்று ஆகாது.

2008ல் ஸ்வீடனில், இந்தியாவில் சிகிச்சை பெற்றுத் திரும்பிய ஒரு நோயாளியிடம் என்டிஎம்-1 முதலில் கண்டறியப்பட்டது. 2010ல் வெளிவந்த பெரிய ஆய்வின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி. சென்னை, ஹரியானா நோயாளிகளின் கிருமிகள் அதில் இருந்தன. 2011ல் டெல்லியில் தெருவோரத் தேங்கல் நீரை எடுத்துப் பார்த்தார்கள். 171 மாதிரிகளில் 51ல் அந்த மரபணு இருந்தது. 50 குடிநீர் மாதிரிகளில் 2ல் இருந்தது. தேங்கல் நீர் மாதிரிகளில் மரபணுவோடு கூடிய கிருமி உயிரோடு வளர்ந்தது 12ல்தான். 51க்கும் 12க்கும் இடையிலுள்ள தூரம்தான் இந்தக் கட்டுரையின் மையம். காலரா கிருமியிலும் ஷிகெல்லாவிலும்கூட அந்த ஆய்வில் என்டிஎம்-1 தென்பட்டது.

நோயாளிக்கும் சாக்கடைக்கும் இடையே உள்ள குழாயில் எல்லாம் ஒன்றாகச் சேர்கின்றன. நோயாளியின் மலத்தில் வந்த க்ளெப்சியெல்லாவும் ஈ.கோலையும், குழாயிலேயே குடியிருக்கும் ஏரோமோனாஸும் சூடோமோனாஸும், வாஷ்பேசின் வளைவுக்குள் ஒட்டியிருக்கும் வழவழப்புப் படலமும், கூடவே மருந்தும். உடம்புக்குள் போன மெரோபெனத்தில் ஏறத்தாழ 70 சதவீதம், செஃப்ட்ரையாக்சோனில் மூன்றில் ஒன்று முதல் மூன்றில் இரண்டு வரை, அப்படியே சிறுநீரில் வெளியே வந்துவிடும். தரை துடைக்கும் கிருமிநாசினிகளில் சிலவற்றை எதிர்க்கும் மரபணு, சல்ஃபா மருந்தை எதிர்க்கும் மரபணுவோடு ஒரே துண்டில் பிணைந்திருப்பதும் உண்டு. ஒன்றுக்குக் கொடுக்கும் நெருக்கடி இன்னொன்றையும் சேர்த்து வளர்க்கும்.

## நம் ஊர்க் கணக்கு

பெரிய ஆறு ஓடும் ஊரில் கழிவு கரைந்து போகும் என்ற நினைப்பாவது இருக்கும். செட்டிநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. மழை பெய்தால் வரத்துக்கால் வழியே ஊருணிக்கும் கண்மாய்க்கும் போகும். மீதி செம்மண்ணுக்குள் இறங்கும். வடகிழக்குப் பருவமழை தவிர்த்த மாதங்களில் அந்த வரத்துக்காலில் ஓடுவது சாக்கடை மட்டும்தான். காரைக்குடிக்காரர்கள் பெருமையாகச் சொல்லும் சம்பை ஊற்றுத் தண்ணீரும் நிலத்தடி நீர்தான். நாம் வெளியே விடும் எதுவும் தூரம் போய்க் கடலில் சேர்வதற்கு முன், நம் காலடியிலேயே நிற்கிறது.

பழைய செட்டிநாட்டு வீட்டை வாடகைக்கு எடுத்து ஆஸ்பத்திரியாக மாற்றியிருந்தால் ஒன்றை முதலில் பாருங்கள். முற்றத்து மழைநீர் வெளியேற அந்தக் காலத்தில் கட்டிய கால்வாய் தெருவுக்கும், அங்கிருந்து ஊருணி வரத்துக்கும் போகும். பின்னால் வைத்த வாஷ்பேசின்களின் குழாயை எளிதாக இருக்கிறதென்று கொத்தனார் அதிலேயே சேர்த்துவிட்டிருக்கலாம். ஒரு வாளித் தண்ணீரில் சாயம் கரைத்து ஒவ்வொரு பேசினிலும் ஊற்றி, எங்கே வெளிவருகிறது என்று பார்த்தால் தெரிந்துவிடும். இதைச் சரிசெய்யாமல் எந்த மெஷின் வாங்கியும் பயனில்லை.

## எதையெல்லாம் வைத்து எடை போடுவது

உயிருள்ள கிருமியை எவ்வளவு குறைக்கிறது என்பது முதல் அளவுகோல். சாக்கடை நீரில் 100 மில்லிக்கு ஒரு கோடி கிருமி இருந்தால், 99 சதவீதம் போன பிறகும் ஒரு லட்சம் மிச்சம். ஆகவே சதவீதத்தைப் பார்க்காமல் மிச்சத்தைப் பாருங்கள்.

மரபணுவை உடைக்கிறதா என்பது இரண்டாவது. மருந்து எச்சத்தைக் குறைக்கிறதா என்பது மூன்றாவது. சுத்தமான தண்ணீர் கடைசியில் எங்கே போகிறது என்பது நான்காவது. என் கணக்கில் இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். தோட்டத்துக்கா, கழிப்பறை ஃபிளஷுக்கா, பாதாளச் சாக்கடைக்கா, கண்மாய்க்கா என்று தெரியாமல் எந்த வழியையும் தேர்ந்தெடுக்க முடியாது. அப்புறம், தினமும் அதை ஓட்டப்போவது யார், கரண்ட் போனால் என்ன ஆகும், அடியில் சேரும் சேறு எங்கே போகும்.

சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். 2016ஆம் ஆண்டின் உயிரிமருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள், சுத்திகரிப்பு நிலையத்தோடு இணைந்த பாதாளச் சாக்கடை இல்லாத மருத்துவமனைகளின் கழிவுநீருக்கு வரம்பு வைத்திருக்கின்றன. பி.ஓ.டி (அழுக்கைச் சிதைக்கக் கிருமிகளுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன்) லிட்டருக்கு 30 மில்லிகிராம், சி.ஓ.டி (வேதிமுறையில் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜன்) 250, மிதக்கும் திடப்பொருள் 100, எண்ணெய்ப் பசை 10, பிஎச் 6.5 முதல் 9 வரை. கூடவே, அந்தத் தண்ணீரில் விட்ட மீன்களில் 90 சதவீதம் 96 மணி நேரம் கழித்தும் உயிரோடிருக்க வேண்டும். பத்துப் படுக்கைக்குக் குறைந்தவர்களுக்கும் சுத்திகரிப்பு அமைப்பு வைக்க 2019 டிசம்பர் 31 வரைதான் அவகாசம் இருந்தது. இந்தப் பட்டியலில் மருந்து எதிர்ப்பு மரபணு பற்றி ஒரு வரிகூட இல்லை. ஆகவே சட்டப்படி எல்லாம் சரியாக இருக்கும் தண்ணீரிலும் என்டிஎம் இருக்கலாம். அதைப் பார்த்துக்கொள்வது இப்போதைக்கு நம் மனசாட்சியின் பொறுப்பு.

அளவுக் கணக்கு ஒன்று. நூறு படுக்கைக்கு உட்பட்ட மருத்துவமனைக்கு ஒரு படுக்கைக்கு நாளுக்கு 340 லிட்டர் தண்ணீர் என்பது கட்டட விதிமுறைக் கணக்கு. முப்பது படுக்கைக்குச் சுமார் 10,000 லிட்டர். அதில் 80 சதவீதம் கழிவாக வந்தால் 8,000 லிட்டர். கீழே சொல்வதெல்லாம் இந்த 8,000 லிட்டரை மனதில் வைத்துத்தான்.

## பைசா செலவில்லாத வேலை முதலில்

வார்டில் நடப்பதைப் பாருங்கள். குழந்தைக்குப் பாதி அளவு செஃப்ட்ரையாக்சோன் போட்டுவிட்டு, குப்பியில் மிச்சமிருப்பதை சிஸ்டர் பேசினில் கவிழ்த்துத் தண்ணீர் திறந்துவிடுகிறார். நிறுத்திய டிரிப்பில் மிச்சமுள்ள மெரோபெனமும் அதே பேசினுக்குத்தான் போகிறது. உடம்பின் வழியே போகாத முழு வீரியமுள்ள மருந்து அது, நேராகக் கிருமிப் படலத்தின் மேல் போய் விழுகிறது. விதிப்படி மிச்ச மருந்து மஞ்சள் பையில் போய் எரிக்கப்பட வேண்டும், அல்லது தயாரித்த நிறுவனத்துக்குத் திரும்ப வேண்டும். பேசின் பக்கத்திலேயே மஞ்சள் பை வைத்தால் இந்தப் பழக்கம் மாறும். தூரத்தில் வைத்தால் மாறாது.

அடுத்து, ஹைப்போவை, அதாவது சோடியம் ஹைப்போகுளோரைட் எனும் குளோரின் திரவத்தை, செப்டிக் டேங்கில் ஊற்றுவதை நிறுத்துங்கள். டேங்குக்குள் கழிவைச் செரிக்கும் நல்ல கிருமிகளைக் கொன்றுவிட்டு, அழுக்கோடு சேர்ந்து ஹைப்போவும் வீணாகிறது. லேபில் ரத்தம், வளர்ப்புத் தட்டு போன்றவற்றை அங்கேயே கிருமிநீக்கம் செய்வது வேறு விஷயம். அது கட்டாயம் வேண்டும்.

## செப்டிக் டேங்கும் உறிஞ்சு குழியும்

இன்று பெரும்பாலோரிடம் இருப்பது இதுதான். திடப்பொருளைப் படியவைக்கும், அவ்வளவே. கிருமி, மரபணு, மருந்து மூன்றும் பெரும்பகுதி அப்படியே உறிஞ்சு குழிக்குப் போகின்றன. குழிக்கு நாற்பது அடியில் உங்கள் போர்வெல்லோ பக்கத்து வீட்டுக் கிணறோ இருந்தால், இதைச் சுத்திகரிப்பு என்று சொல்லவே கூடாது. மறைந்திருக்கும் செலவு டேங்க் லாரியில் இருக்கிறது. உறிஞ்சி எடுத்த சேறு முறையான கழிவுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறதா, இருட்டில் ஏதாவது கண்மாய்க் கரையில் திறந்துவிடப்படுகிறதா என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வேறு எந்த வழியை எடுத்தாலும் முதல் கட்டமாக இது இருக்கலாம். தனியாக இது மட்டும் போதும் என்று நான் எந்த ஆஸ்பத்திரிக்கும் சொல்லமாட்டேன்.

## குளோரின்

கையில் இருக்கும் மலிவான ஆயுதம். உயிருள்ள கிருமியைக் குறைப்பதில் நல்ல பலன் தரும், ஆனால் தண்ணீர் முன்னமே தெளிந்திருக்க வேண்டும். கலங்கிய கழிவில் போட்டால் குளோரின் அம்மோனியாவோடும் அழுக்கோடும் சேர்ந்து தீர்ந்துபோகும். கிருமிக்குப் போய்ச் சேர்வது சொற்பம்.

தெளிந்த 8,000 லிட்டருக்கு லிட்டருக்கு 10 மில்லிகிராம் என்று போட்டால் நாளுக்கு 80 கிராம் குளோரின், அதாவது 10 சதவீத ஹைப்போவில் முக்கால் லிட்டருக்குச் சற்று அதிகம். செலவு சின்னதுதான். ஆனால் கேன் எங்கே இருக்கிறது? சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் நிற்கும் ஹைப்போ கேன் வாரக்கணக்கில் வீரியம் இழந்துகொண்டே இருக்கும். மேலே ஒட்டிய லேபிளில் 10 சதவீதம் என்றே இருக்கும், உள்ளே பாதிகூட இருக்காது. ப்ளீச்சிங் பவுடரும் ஈரக்காற்று பட்டால் அப்படித்தான்.

மரபணு விஷயத்தில் குளோரின் பலவீனம். கிருமி சாகும் அளவுக்கு மேல் பல மடங்கு கொடுத்தால்தான் டிஎன்ஏ உருப்படியாகச் சிதையும். அரைகுறை அளவு கொடுத்தால் அதைவிட மோசம்: சாகாமல் அடிபட்ட கிருமிகளிடையே பிளாஸ்மிட் பரிமாற்றம் கூடுகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதற்காக அள்ளிக் கொட்டினால் மீன் சோதனையில் தோற்பீர்கள். மிச்ச குளோரின் மீனைக் கொன்றுவிடும். ஆக, கடைசியில் தயோசல்ஃபேட் போட்டு குளோரினை முறிக்கும் ஒரு கட்டமும் தேவை. அரை மணி நேரமாவது தண்ணீர் குளோரினோடு நிற்க வேண்டும். காலை ஆறு முதல் ஒன்பது வரை வரும் நெரிசலில் அந்த நேரம் கிடைக்கிறதா என்று கணக்குப் போட்டுத் தொட்டி கட்டவேண்டும். மணிக்கு 1,000 லிட்டர் வந்தால் குறைந்தது 500 லிட்டர்த் தொட்டி.

இங்கே காரைக்குடிக்கென்று ஒரு சாத்தியம் இருக்கிறது. உப்புக் கரைசலில் நேர்மின்சாரம் பாய்ச்சி அந்தந்த நாளைக்கு வேண்டிய ஹைப்போவை அங்கேயே தயாரித்துக்கொள்ளலாம். நம் ஊர் சிக்ரி, வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து, 1948ல் அடிக்கல் நாட்டி 1953ல் திறந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், குளோரின் தயாரிக்கும் டைட்டானியம் மின்முனைகளில் பெயர் வாங்கிய இடம். 80 கிராம் குளோரினுக்குச் சுமார் 300 கிராம் உப்பும் அரை யூனிட் கரண்டும் போதும். வீரியம் குறைந்த பழைய கேன் பிரச்சினை இதில் இல்லை. ஹைட்ரஜன் வாயு வெளிவரும் என்பதால் காற்றோட்டமான அறை கட்டாயம். மின்முனையில் சுண்ணாம்புப் படிவு சேரும். உப்புத் தண்ணீர் போர்வெல் உள்ளவர்கள் அடிக்கடி அமிலம் விட்டுக் கழுவ வேண்டியிருக்கும்.

## யூவி

தண்ணீர் தெளிவாக இருந்தால் யூவி விளக்கு கிருமியின் டிஎன்ஏவையே நேராகத் தாக்கும். கேட்பதற்கு மரபணுப் பிரச்சினைக்கு இதுதான் விடை போலிருக்கும். அளவில்தான் சிக்கல். கிருமியைச் செயலிழக்கச் செய்யச் சதுர சென்டிமீட்டருக்கு 40 மில்லிஜூல் அளவு வழக்கம். எதிர்ப்பு மரபணு ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைய 200 முதல் 400 வரை தேவைப்படுகிறது. சந்தையில் ஆஸ்பத்திரிகளுக்கு விற்கும் சிறு பெட்டிகள் முதல் அளவுக்குச் செய்தவை. ஐந்து மடங்கு, பத்து மடங்கு வேண்டுமென்றால் விளக்கும் கரண்டும் அந்த அளவுக்குக் கூடும்.

விளக்கு எரிவது கண்ணுக்குத் தெரியும். வீரியம் குறைந்தது தெரியாது. ஏறத்தாழ 9,000 மணி நேரத்துக்கு ஒருமுறை, அதாவது இடைவிடாமல் ஓடினால் ஆண்டுக்கு ஒன்று, மாற்ற வேண்டும். உறைக் குழாயில் படிந்த வெண்படிவைத் துடைக்காவிட்டால் வெளிச்சம் தண்ணீருக்குள் போகாது. கரண்ட் போன நிமிடத்தில் தண்ணீர் அப்படியே கடந்து போகும். தானாக மூடும் வால்வு இல்லாத யூவியை வாங்காதீர்கள். மருந்து எச்சத்தில் இது பெரிதாக எதுவும் செய்யாது.

குளோரின் வாசனையோ மிச்சமோ இருக்கக்கூடாத இடத்துக்கு, நல்ல வடிகட்டிக்குப் பின்னால், யூவி பொருத்தம்.

## ஓசோன்

மருந்து எச்சத்தையும் உடைக்கும், கிருமியையும் கொல்லும், மரபணுவையும் ஓரளவு சிதைக்கும். பட்டியலில் எல்லாவற்றிலும் தேறும் வழி இது. ஆனால் முப்பது பெட் ஆஸ்பத்திரிக்கு நான் பரிந்துரைக்கமாட்டேன். காற்றை உலர்த்தும் கருவி, மின்சாரம், கசிவை உணரும் கருவி, பழுது பார்க்க வெளியூரிலிருந்து ஆள் எல்லாம் வேண்டும். கசிந்தால் மூச்சுக்குழாயைப் பாதிக்கும். பெரிய மருத்துவக் கல்லூரி, புற்றுநோய் மையம் போன்றவற்றுக்குச் சரி.

## எம்.பி.ஆர்

காற்றூட்டும் தொட்டியும் மெம்பிரேனும் சேர்ந்த அமைப்பு. துளை 0.04 முதல் 0.4 மைக்ரான், கிருமி அதைவிடப் பெரிது, ஆகவே உள்ளேயே நின்றுவிடும். தண்ணீர் கண்ணாடி மாதிரி வெளிவரும். தனியாக மிதக்கும் டிஎன்ஏவும், மரபணுவைச் சுமக்கும் வைரஸ்களும் ஓரளவு தப்பிப் போகலாம், இருந்தாலும் மெம்பிரேன் மேல் படியும் படலமே அவற்றில் பலவற்றைப் பிடித்துக்கொள்கிறது. வெளிவரும் தண்ணீரில் மரபணுவைக் குறைப்பதில் நடைமுறையில் இது நன்றாகவே தேறுகிறது.

விலை பெரிது என்பது எல்லோருக்கும் தெரியும். தெரியாத செலவுகள் இரண்டு. ஒன்று, தொட்டிக்குக் காற்றூதும் புளோவர் நிற்கக்கூடாது. ஜெனரேட்டர் கணக்கில் அதையும் சேர்க்க வேண்டும். மெம்பிரேன் அடைத்துக்கொண்டால் ஹைப்போவிலும் சிட்ரிக் அமிலத்திலும் கழுவத் தெரிந்த ஆள் வேண்டும். இன்னொன்று, சேறு. வெளியே போகாத கிருமியும் மரபணுவும் சேற்றில்தான் குவிகின்றன. சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற மருந்துகள் சேற்றோடு இறுக ஒட்டிக்கொள்ளும். காய்ந்த சேறு பார்ப்பதற்கு நல்ல உரம் போலிருக்கும். தோட்டக்காரர் கேட்டாலும் கொடுக்கக்கூடாது. விதிப்படி அது பொது உயிரிமருத்துவக் கழிவு மையத்துக்கு எரிக்கப் போக வேண்டும்.

ஊருக்கு நடுவே, இடமில்லாமல், ஐசியூவோடு நாற்பது ஐம்பது படுக்கை நடத்துகிறவர்களுக்கு இது சரியான வழி. முழுநேர ஆபரேட்டர் வைக்க மனமில்லை என்றால் வேண்டாம்; கவனிப்பாரற்ற எம்.பி.ஆர், செப்டிக் டேங்கைவிட மோசமாகிவிடும்.

## செடிப் படுகை

எனக்கு மிகவும் நம்பிக்கையுள்ள வழி இது. செட்டிநாட்டில் ஊருக்கு வெளியே இருப்பவர்களிடம் மற்ற ஊர்க்காரர்களுக்கு இல்லாத ஒன்று இருக்கிறது: இடம். முதலில் படியவைக்கும் தொட்டி, அடுத்து தடுப்புச் சுவர்கள் வைத்த காற்றில்லாத் தொட்டி, அதற்குப் பிறகு ஜல்லி நிரப்பிய படுகை. கல்வாழையோ வெட்டிவேரோ சம்பங்கோரையோ நட்டு, தண்ணீரை ஜல்லிக்குக் கீழேயே மெதுவாக ஓடவிடுவது. மேலே தண்ணீர் தெரியாது, கொசு வராது. புதுச்சேரி தவளக்குப்பத்தில் உள்ள அரவிந்த் கண் மருத்துவமனை இந்த வகை அமைப்பை நடத்திவருகிறது.

8,000 லிட்டருக்கு மூன்று நாள் தங்கவைக்கக் கணக்கிட்டால் படுகைக்கு ஆயிரம் முதல் ஆயிரத்து ஐந்நூறு சதுர அடி, அதாவது இரண்டரை முதல் மூன்றரை செண்டு. மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இடம் அமைந்தால் மோட்டாரே வேண்டாம். கரண்ட் போனாலும் வேலை நிற்காது. மரபணுக்கள் பத்தில் ஒன்றாகவோ நூறில் ஒன்றாகவோ, சில அமைப்புகளில் அதற்கும் கீழேயோ குறைகின்றன. மருந்து எச்சம் ஜல்லியிலும் வேர்ப்படலத்திலும் ஒட்டியும் சிதைந்தும் குறைகிறது. மூன்று நாள் தங்குவதுதான் இதன் பலம். குளோரின் அரை மணியில் முடிக்கப் பார்க்கும் வேலையை இது நிதானமாகச் செய்கிறது.

குறைகளையும் சொல்ல வேண்டும். உயிருள்ள கிருமி தானாக முழுதும் போகாது. கடைசியில் ஒரு சிறிய குளோரின் அல்லது யூவி கட்டம் வேண்டும். தண்ணீர் அதற்குள் தெளிந்திருப்பதால் அந்தக் கட்டத்தின் செலவு வெகுவாகக் குறையும். அடியில் தார்ப்பாய் விரிக்காமலோ காங்கிரீட் போடாமலோ விட்டால் எல்லாம் செம்மண்ணுக்குள் இறங்கிவிடும். காசு மிச்சம் பிடிக்கப் பார்க்கும் முதல் இடம் இது, இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் சுற்றுத் தண்ணீர் உள்ளே வராமல் கரை உயர்த்த வேண்டும். சில ஆண்டுகளில் நுழைவாயில் பக்கத்து ஜல்லி அடைக்கும். எடுத்துக் கழுவிப் போட வேண்டும். அந்த ஜல்லியையும் வெட்டிய செடியையும் மாட்டுக்கோ உரக்குழிக்கோ அனுப்பக்கூடாது.

## பாதாளச் சாக்கடையில் விட்டுவிடலாமா

உங்கள் தெருக் குழாய் உண்மையிலேயே இயங்கும் சுத்திகரிப்பு நிலையத்தில் போய்ச் சேர்கிறது என்று மாநகராட்சியிலோ நகராட்சியிலோ எழுத்தில் வாங்கினால், விடலாம். அப்போதும் லேப் கழிவையும் தொற்றுள்ள திரவத்தையும் உங்கள் இடத்திலேயே கிருமிநீக்கம் செய்த பிறகுதான். குழாய் தெருமுனையில் திறந்த வாய்க்காலில் முடிந்தால் அது பாதாளச் சாக்கடை ஆகாது.

## ஒரே பார்வையில்

| வழி | உயிருள்ள கிருமி | மரபணு | மருந்து எச்சம் | எளிதில் கண்ணில் படாத செலவு |
|---|---|---|---|---|
| செப்டிக் டேங்க் மட்டும் | சொற்பம் | சொற்பம் | சொற்பம் | சேறு போகும் இடம், பக்கத்துக் கிணறு |
| குளோரின் | நன்று, தெளிந்த நீரில் | பலவீனம் | சிலவற்றில் மட்டும் | வீரியம் இழப்பு, குளோரினை முறித்தல் |
| யூவி | நன்று, தெளிந்த நீரில் | அதிக அளவில் மட்டும் நன்று | சொற்பம் | விளக்கு, உறை, கரண்ட் வெட்டு |
| ஓசோன் | நன்று | ஓரளவு | மிக நன்று | கசிவு ஆபத்து, பழுதுக்கு ஆள் |
| எம்.பி.ஆர் | மிக நன்று | நன்று | ஓரளவு | ஆபரேட்டர், சேறு எரிப்பு |
| செடிப் படுகையும் கடைசிக் கட்டமும் | நன்று | ஓரளவு முதல் நன்று | ஓரளவு | இடம், அடிவிரிப்பு, ஜல்லி கழுவுதல் |

## யாருக்கு எது

கானாடுகாத்தான், கோட்டையூர், புதுவயல் மாதிரி இடங்களில், பின்னால் காலி மனையோடு பத்து முதல் முப்பது படுக்கை உள்ளவர்கள் தயங்காமல் செடிப் படுகைக்குப் போகலாம். கடைசியில் சிறிய குளோரின் தொட்டி. தண்ணீரைத் தென்னைக்கும் பூச்செடிக்கும் சொட்டுக் குழாயில் விடுங்கள். கீரைக்கும் காய்கறிக்கும் வேண்டாம். ஊருணி வரத்துக்கு எந்தக் காரணம் கொண்டும் வேண்டாம்.

காரைக்குடிக்குள் நெருக்கமான தெருவில், ஐசியூவும் அறுவைச் சிகிச்சையும் உள்ள இடமென்றால் எம்.பி.ஆர், தண்ணீரைக் கழிப்பறை ஃபிளஷுக்குத் திருப்பினால் லாரித் தண்ணீர்ச் செலவும் குறையும். அதற்குப் பணம் இல்லையென்றால் சாதாரணக் காற்றூட்டுத் தொட்டி, மணல் வடிகட்டி, அப்புறம் அங்கேயே தயாரிக்கும் ஹைப்போ என்ற வரிசை. மரபணுவில் எம்.பி.ஆர் அளவுக்கு வராது, ஆனால் நிலையாக ஓடும்.

ஒரே ஒரு கிளினிக், படுக்கை இல்லை என்றால் இந்த மெஷின்கள் எதுவும் தேவையில்லை. தொற்றுள்ள திரவத்தை ஹைப்போவில் கிருமிநீக்கம் செய்து விடுவதும், மிச்ச மருந்தை மஞ்சள் பையில் போடுவதும்தான் உங்கள் பங்கு.

## வேலை செய்கிறதா என்று எப்படிப் பார்ப்பது

இரண்டு சோதனைகள் உண்டு, இரண்டும் வேறு வேறு கேள்விக்குப் பதில். செஃபோடாக்சிம் எனும் ஆன்டிபயாடிக்கை லிட்டருக்கு 4 மில்லிகிராம் கலந்த தட்டில் ஈ.கோலை எத்தனை வளர்கிறது என்று எண்ணுவது ஒன்று. உலக சுகாதார நிறுவனம் 2021ல் வெளியிட்ட டிரைசைக்கிள் முறை இந்த எண்ணிக்கையைத்தான் மனிதர், விலங்கு, தண்ணீர் மூன்றுக்கும் பொது அளவாக எடுத்துக்கொள்கிறது. மலிவு, எந்த நுண்ணுயிரியல் லேபிலும் செய்யலாம், உயிருள்ள எதிர்ப்புக் கிருமி எவ்வளவு என்று சொல்லும்.

இன்னொன்று பிசிஆர், அதாவது குறிப்பிட்ட டிஎன்ஏ துண்டைப் பல மடங்கு நகலெடுத்துக் கண்டுபிடிக்கும் சோதனை. என்டிஎம் மரபணுவையும், எதிர்ப்பு மரபணுக்களைக் கூட்டமாகச் சுமக்கும் முதல் வகை இன்டெக்ரானையும் தேடலாம். ஆனால் செத்த கிருமியின் டிஎன்ஏவையும் இது எண்ணும். குளோரின் போட்ட தண்ணீரில் தட்டு சுத்தமாகவும் பிசிஆர் பாசிட்டிவாகவும் வந்தால் பதற வேண்டாம், லேபையும் திட்ட வேண்டாம். குளோரினின் குணம் அது. ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் தட்டு எண்ணிக்கையை மூன்று மாதத்துக்கு ஒருமுறை செய்யுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை பிசிஆர். அழகப்பா பல்கலைக்கழகம் போன்ற இடத்தில் இந்தத் துறையில் படிக்கும் மாணவர்களோடு சேர்ந்து செய்தால், வார்டில் வளர்ந்த கிருமியையும் சாக்கடையில் வளர்ந்ததையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். எந்த வார்டிலிருந்து எந்த மரபணு இறங்குகிறது என்பதுவரை தெரியவரும்.

மாதிரியைக் காலை நெரிசல் நேரத்தில், உள்ளே போகும் வாயிலும் வெளியே வரும் வாயிலும் எடுங்கள். குளோரின் போட்ட தண்ணீர் என்றால் பாட்டிலில் முன்னமே தயோசல்ஃபேட் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் லேபுக்குப் போகும் வழியிலும் குளோரின் கிருமியைக் கொன்றுகொண்டே இருக்கும், கணக்கு நல்லதாகப் பொய் சொல்லும். கொட்டேஷன் கொடுத்தவரிடம் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்: வெளிவரும் நீரில் 100 மில்லிக்கு எத்தனை கிருமி மிச்சம், யூவி என்றால் எத்தனை மில்லிஜூல், கரண்ட் போனால் தண்ணீர் எங்கே நிற்கும், சேறு மாதத்துக்கு எத்தனை கிலோ, அதை எடுத்துப்போவது யார். பதில் எண்ணாக வராவிட்டால் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.